வேக்ராஸில் விழுந்த விமானம்

1948 அக்டோபர் 6. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ராபின்ஸ் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பி-29 குண்டுவீச்சு விமானம் கிளம்பியது. உள்ளே பதின்மூன்று பேர். அவர்களில் நான்கு பேர் படைக்காரர்கள் இல்லை, பொறியாளர்கள். விமானப்படைக்காகத் தங்கள் நிறுவனங்கள் உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு மின்னணுக் கருவி உயரத்தில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனவர்கள். கருவி ரகசியமானது. பயணமும் ரகசியம்தான்.

மேலே போனதும் ஒரு என்ஜினில் தீப்பிடித்தது. வேக்ராஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் விமானம் சிதறி விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், நான்கு பேர் பாராசூட்டில் குதித்துத் தப்பினார்கள். பொறியாளர்களில் பிழைத்தவர் ஒருவர்தான். இறந்த மூவரில் ஒருவரான ஆல்பர்ட் பல்யாவுக்கு வீட்டில் ஏழு வாரக் குழந்தை இருந்தது.

ரகசிய விமானம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நெவாடா பாலைவனம், ஏரியா 51, பறக்கும் தட்டு. அதெல்லாம் இந்தக் கட்டுரையில் வரும். ஆனால் அமெரிக்க அரசு தன் ராணுவ ரகசியங்களைத் தன் சொந்த நீதிமன்றங்களிடமிருந்தே எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது என்ற கதை பாலைவனத்தில் தொடங்கவில்லை. வேக்ராஸில், ஒரு விபத்து அறிக்கையில் தொடங்குகிறது.

மூன்று விதவைகளும் வழக்குப் போட்டார்கள். அரசின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் அரசு மீதே வழக்குத் தொடரலாம் என்ற சட்டம் அமெரிக்காவில் 1946இல்தான் வந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரு ராணுவ விமானம் மூடுபனியில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் மோதிப் பதினான்கு பேர் இறந்தார்கள். பல வருடங்களாகக் கிடப்பில் கிடந்த அந்தச் சட்டம் விரைவாக நிறைவேற அதுவும் ஒரு காரணம். அப்போதும் ஒரு விமான விபத்துதான், பாருங்கள். விதவைகளுக்காக வாதாடிய பிலடெல்பியா வக்கீல் சார்லஸ் பிடில், முதல் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டிப் பேர் வாங்கியவர். விமானம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர்.

அவர் கேட்டது பெரிய விஷயமே இல்லை. விபத்துக்குப் பிறகு விமானப்படை ஒரு விசாரணை நடத்தியிருக்கும், அதன் அறிக்கையைக் கொடுங்கள் என்றார். விமானப்படை முதலில் சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு இல்லை. இது உள் ஆவணம், வெளியே கொடுத்தால் அடுத்த விபத்தில் யாரும் மனம் திறந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் என்பதுதான் வாதம். நீதிபதி கிர்க்பேட்ரிக் அதை ஏற்கவில்லை. அதற்குப் பிறகுதான் விமானப்படைச் செயலாளர் தாமஸ் ஃபின்லெட்டரின் பிரமாணம் வந்தது: விமானம் மிக ரகசியமான பணியில் இருந்தது, ஆகவே தர முடியாது. நீதிபதி ஒரு வழி சொன்னார். சரி, விதவைகளுக்குக் காட்ட வேண்டாம், என்னிடம் மட்டும் காட்டுங்கள், ரகசியம் உண்டா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அரசு அதற்கும் மறுத்தது. நீதிபதி தவறு அரசுடையது என்று எடுத்துக்கொண்டு, மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து 2,25,000 டாலர் கொடுக்கத் தீர்ப்பளித்தார்.

மேல்முறையீட்டிலும் 1951இல் விதவைகளே ஜெயித்தார்கள். அங்கே தீர்ப்பு எழுதிய ஆல்பர்ட் மாரிஸ் ஓர் எச்சரிக்கையை எழுதிவைத்தார். இந்தச் சலுகையை அரசுக்குக் கொடுத்துவிட்டால், தனக்குச் சங்கடமான எதையும் ரகசியம் என்று சொல்லி மூடுவதற்கு ஓர் அடிதான் பாக்கி என்பது அதன் சாரம்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ‘அமெரிக்கா எதிர் ரெனால்ட்ஸ்’ என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் வழக்கு. தீர்ப்பு வந்த நாள் 1953 மார்ச் 9. கொரியாவில் போர் ஓடிக்கொண்டிருந்தது. ரோசன்பர்க் தம்பதி அணு ரகசியம் விற்றதாக மரண தண்டனை பெற்றுக் காத்திருந்தார்கள். ஸ்டாலின் இறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. தலைமை நீதிபதி வின்சன் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும்: சூழ்நிலையைப் பார்க்கும்போது ஆபத்துக்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று நீதிபதிக்குத் தோன்றினாலே போதும், தனியறையில் உட்கார்ந்து ஆவணத்தைப் பார்த்தே தீருவேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

அந்த ஆறு பேரும் அறிக்கையைப் பார்க்கவில்லை. எதிர்த்த மூவரும் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்காத ஒரு கவரின் மேல் ஒரு நாட்டின் சட்டக் கோட்பாடு கட்டப்பட்டது. விதவைகள் 1,70,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு ஒதுங்கினார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த பி-29 விமானமே எவ்வளவு பெரிய ரகசியம்? 1944இல் ஜப்பானையும் மஞ்சூரியாவையும் தாக்கப் போன மூன்று பி-29கள் திரும்ப முடியாமல் சோவியத் மண்ணில் இறங்கின. அப்போது சோவியத்துக்கும் ஜப்பானுக்கும் போர் இல்லை. நடுநிலை நாடு என்ற முறையில் சோவியத் விமானங்களைப் பிடித்துவைத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை. அப்படியே நகலெடு என்று துபலேவிடம் சொல்லிவிட்டார் ஸ்டாலின். ஒன்றை முழுசாகப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாக அளந்தார்கள். அமெரிக்கத் தகடுகள் அங்குலக் கணக்கு, சோவியத் ஆலைகள் மில்லிமீட்டர் கணக்கு. அதே கனத்தில் தகடு கிடைக்காததால் பல இடங்களில் கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அடுத்தவன் எழுதிய கோடை ஆவணமே இல்லாமல் பிரித்துப் படித்தவர்களுக்கு இந்த வலி தெரியும். 1947 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாஸ்கோவின் துஷினோ விமானக் காட்சியில், உலகமே பார்க்க அந்த நகல்கள் பறந்தன. பெயர் டி.யு-4.

அதாவது வேக்ராஸ் விபத்துக்குப் பதினான்கு மாதம் முன்பே, சோவியத்திடம் பி-29 இருந்தது. அது எப்படிப் பறக்கும், எங்கே பழுதாகும் என்பதை ஒட்டியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்த மின்னணுக் கருவி வேறு விஷயம், அது உண்மையிலேயே ரகசியமாக இருந்திருக்கலாம். விதவைகள் கருவியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என்ஜின் ஏன் எரிந்தது என்றுதான் கேட்டார்கள்.

பதில் வருவதற்கு அரை நூற்றாண்டு ஆனது. 1990களில் விமானப்படை தன் பழைய விபத்து அறிக்கைகளை ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2000ஆம் ஆண்டு, அப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்ள இணையத்தில் தேடிக்கொண்டிருந்த பல்யாவின் மகள், பழைய விபத்து அறிக்கைகளை விற்கும் ஒரு தளத்தைக் கண்டார். ஏழு வாரக் குழந்தையாக இருந்தவர். காசு கட்டி வரவழைத்தார். ரகசியக் கருவியைப் பற்றிய பக்கங்களை எதிர்பார்த்துத்தான் பிரித்தார்.

அப்படி எதுவும் இல்லை. பயணத்தின் நோக்கம் மின்னணுக் கருவிச் சோதனை என்ற அளவுக்கு மேல் ரகசியம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இருந்தது வேறு. பி-29 என்ஜின்கள் சூடேறித் தீப்பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. அதைத் தடுக்கப் புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வெப்பத் தடுப்புத் தகடுகளை மாட்ட வேண்டும் என்று விமானப்படையே தொழில்நுட்ப உத்தரவு போட்டிருந்தது. இந்த விமானத்தில் மாட்டவில்லை. ஆகவே அது பறப்பதற்குப் பாதுகாப்பான நிலையில் இல்லை என்று விசாரணையே எழுதியிருந்தது. அவசரத்தில் என்ன செய்ய வேண்டும், எப்படி வெளியேற வேண்டும் என்று பொறியாளர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் உட்கார்ந்து ஒரு போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம்: என்ன நடந்தது, எந்தப் படியைத் தாண்டிவிட்டோம், அடுத்த முறை என்ன செய்வோம். அந்த அறிக்கைகளில் கம்பெனி ரகசியம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. ‘இந்த எச்சரிக்கை ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை’ என்பது மாதிரி வரிகள்தான் இருக்கும். வெளியே போகக் கூடாது என்று மேலாளர்கள் பதறுவது அந்த வரிகளுக்காகத்தான். வேக்ராஸ் அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. அடடா, இதே வகைதானே என்றுதான் தோன்றியது. வித்தியாசம், இதில் ஒன்பது பேர் செத்திருக்கிறார்கள்.

ரெனால்ட்ஸ் தீர்ப்பு வந்து இரண்டு வருடத்தில் நெவாடாவின் கதை தொடங்குகிறது. 1955 ஏப்ரலில் லாக்ஹீடின் கெல்லி ஜான்சனும் சி.ஐ.ஏ.வின் ரிச்சர்ட் பிஸ்ஸெலும் வறண்ட க்ரூம் ஏரியைப் பார்த்தார்கள். அணுகுண்டுச் சோதனைக் களத்துக்குப் பக்கம், அந்நியர் யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடம். ஆகஸ்டில் அங்கே யு-2 வேவு விமானம் பறந்துவிட்டது. அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள் இருபதாயிரம் அடியை ஒட்டிப் பறந்துகொண்டிருக்க, இது அறுபதாயிரம் அடிக்கு மேலே போனது. சாயங்காலம் கீழே இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கும். வெள்ளி நிற இறக்கைகள் பளபளக்கும். பயணிகள் விமான பைலட்டுகள் தீப்பிழம்பு ஒன்றைப் பார்த்தோம் என்று எழுதிப்போட்டார்கள். பறக்கும் தட்டு புகார்களை விசாரிக்கும் விமானப்படைப் பிரிவு, சி.ஐ.ஏ.வின் பறத்தல் பதிவேட்டோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளும். பொருந்தினால் விஷயம் புரிந்துவிடும், ஆனால் கடிதம் போட்டவருக்குச் சொல்ல முடியாது. ஏரியா 51 பற்றிய கட்டுக்கதைகளுக்கு உரம் போட்டதில் இந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு.

யு-2 யாருக்குத் தெரியாமல் பறந்தது? 1956 ஜூலை 4 அன்று முதல் முறையாகச் சோவியத் எல்லைக்குள் போனது. ரேடாரில் சிக்காது என்று நம்பித்தான் அனுப்பினார்கள். சோவியத் ரேடார் கண்டுபிடித்துவிட்டது. ஜூலை 10ஆம் தேதியே மாஸ்கோவிலிருந்து எதிர்ப்புக் கடிதம் வந்தது. சுட்டு வீழ்த்த முடியவில்லை, அதனால் வெளியே சொல்லச் சோவியத்துக்கும் வெட்கம். ஆக, வானத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டு அரசுகளுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இரண்டு நாட்டு மக்களும்தான். நான்கு வருடம் இப்படியே ஓடியது. 1960 மே 1 அன்று கேரி பவர்ஸின் விமானத்தை ஏவுகணை வீழ்த்தியது. அது நாசாவின் வானிலை ஆராய்ச்சி விமானம், வழி தவறிவிட்டது என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரு யு-2வுக்கு அவசரமாக நாசா சின்னம் வரைந்து பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். மறுநாள் குருஷ்சேவ் சிரித்துக்கொண்டே சொன்னார், பைலட் உயிரோடு எங்களிடம் இருக்கிறார் என்று.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சி.ஐ.ஏ. தன் உள் பயன்பாட்டுக்காக 1992இல் யு-2 திட்டத்தின் வரலாற்றை எழுதிவைத்தது. ஜெஃப்ரி ரிச்சல்சன் என்ற ஆய்வாளர் தகவல் உரிமைச் சட்டத்தில் 2005இல் அதைக் கேட்டார். பெரும்பாலான கறுப்புப் பட்டைகள் நீக்கப்பட்டு 2013 ஆகஸ்டில் கிடைத்தது. ஏரியா 51 என்ற பெயரும் வரைபடமும் அதில் இருந்ததால் உலகப் பத்திரிகைகள் அதையே கொண்டாடின. நான் நின்றது வேறு பக்கத்தில். 1962 நவம்பரில், சீனப் போரின் நடுவில், எல்லைப் பகுதிகளின் மேல் யு-2 பறக்க நேரு அனுமதி தருகிறார். விமானங்கள் தாய்லாந்திலிருந்து வருகின்றன. தூரம் அதிகம், இந்தியாவிலேயே ஒரு தளம் வேண்டும் என்கிறார்கள். 1963 ஜூன் 3 அன்று கென்னடியும், ஒரு காலத்தில் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் தத்துவம் நடத்திய நம் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனும் சந்தித்து, ஒடிசாவில் கட்டாக்குக்கு அருகே சார்பாட்டியா என்ற பழைய விமானத் தளத்தை முடிவு செய்கிறார்கள். 1964 மே 24 அன்று அங்கிருந்து யு-2 பறந்தது. மூன்று நாளில் நேரு இறந்துபோனார், மேற்கொண்டு பறப்பது தள்ளிவைக்கப்பட்டது.

அணிசேரா நாட்டின் மண்ணில் சி.ஐ.ஏ. விமானம். இதன் சரி தவறு தனி விவாதம். அடி வாங்கிய நாடு உதவி கேட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த விவரங்களைத் தேதியோடு தெரிந்துகொள்ள ஒடிசாவின் ஒரு தளத்துக்காக நான் வாஷிங்டன் ஆவணத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சார்பாட்டியாவில் இயங்கும் ஏவியேஷன் ரிசர்ச் சென்டரின் பெயர் நம் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், விலக்கு பெற்ற அமைப்புகளின் வரிசையில் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் தவிர வேறு எதையும் கேட்க முடியாது.

திரும்ப நெவாடா. க்ரூம் ஏரியில் யு-2வுக்குப் பிறகு ரேடாருக்கு அகப்படாத விமானங்கள் வந்தன. ‘ஹேவ் ப்ளூ’ என்ற சோதனை விமானம் 1977 டிசம்பரில் பறந்தது, அதன் வாரிசான எஃப்-117 1981 ஜூனில். பின்னதை அமெரிக்கா வெளியே ஒப்புக்கொண்டது 1988 நவம்பரில்தான். இதன் அடிப்படைக் கணிதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பியோதர் உஃபிம்ட்சேவ் என்ற சோவியத் இயற்பியலாளர் 1962இல் மாஸ்கோவில் போட்ட புத்தகத்திலிருந்து. மின்காந்த அலை விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்பது விஷயம். ராணுவ மதிப்பு இல்லை என்று நினைத்து வெளிப்படையாக அச்சிட்டார்கள். அமெரிக்க விமானப்படை மொழிபெயர்த்தது, லாக்ஹீடின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதை வைத்து ஒரு கணினி நிரல் எழுதினார். அன்றைய கணினியின் திறனுக்குத் தட்டையான பரப்புகளின் கணக்கைத்தான் போட முடிந்தது. எஃப்-117 பட்டை தீட்டிய கல் மாதிரி கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கணினியின் போதாமை ஒரு விமானத்தின் முகமாக ஆனது என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்கு மிகவும் பிடித்த கதை. இந்த விமானத்தைப் பொறுத்தவரை ரகசியம் காத்ததற்குப் பலன் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991 வளைகுடாப் போரில் பாக்தாத் வானில் அதைத் தடுக்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தளத்தில் குப்பையும் சேர்ந்தது. பிசின், பூச்சு, கரைப்பான் என்று வெளியே எடுத்துப்போக முடியாத ரகசியக் கழிவு. அதைத் திறந்த பள்ளங்களில் கொட்டி விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். புகை சூழ வேலை செய்தவர்களுக்குத் தோல் மீன் செதில் மாதிரி வெடித்து ரத்தம் கசிந்தது. தகர வேலை செய்த ஒருவர் 1989இல் இறந்தார். 1994இல் சில தொழிலாளர்களும் விதவைகளும், சட்டப் பேராசிரியர் ஜொனாதன் டர்லியின் துணையோடு நீதிமன்றம் போனார்கள். பெரும்பாலோர் பெயரை மறைத்துத்தான், ஏனென்றால் வேலையைப் பற்றி வாய் திறந்தாலே சிறை. அவர்கள் பணம் கேட்கவில்லை. எதைச் சுவாசித்தோம் என்று சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். எரிப்பதை நிறுத்துங்கள் என்றார்கள்.

அந்தத் தளத்துக்குப் பெயர் உண்டா என்பதைக்கூடச் சொல்ல அரசு தயாராக இல்லை. டர்லியின் அலுவலகக் கோப்புகளே ரகசியம் ஆக்கப்பட்டு முத்திரை வைக்கப்பட்டன. சுற்றுச்சூழல் துறை உள்ளே போய் ஆய்வு செய்தது, அந்த அறிக்கையைச் சட்டப்படி மக்களுக்குக் காட்ட வேண்டும். 1995 செப்டம்பர் 29 அன்று கிளின்டன், க்ரூம் ஏரிக்கு அருகிலுள்ள விமானப்படை இயங்கிடத்துக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்துக் கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, பனிப்போர்க் காலத்தில் சொந்த மக்கள் மேல் ரகசியமாக நடத்தப்பட்ட கதிரியக்கச் சோதனைகளுக்காக அதே கிளின்டன் தேசத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

தொழிலாளர்களின் வழக்கு தள்ளுபடியானது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆதாரமாகக் காட்டிய முன்தீர்ப்பு ரெனால்ட்ஸ். அந்தத் தீர்ப்பின் அடியில் இருந்த அறிக்கையில் ரகசியமே இல்லை என்பது அப்போது அந்த நீதிபதிகளுக்குத் தெரியாது.

தெரிந்த பிறகு என்ன ஆனது? பல்யாவின் மகளும் மற்ற குடும்பங்களும் 2003இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். எங்களை ஏமாற்றித் தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள், திருத்துங்கள் என்றார்கள். நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை. கீழே ஆரம்பித்து மறுபடி வந்தார்கள். 2004இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளியது: பி-29 எப்படி வேலை செய்கிறது, அதில் என்னென்ன கோளாறு வரும் என்ற விவரங்கள் அந்தக் காலத்தில் தப்பான கையில் கிடைத்திருந்தால் ஆபத்துதானே, ஆகவே அரசு பொய் சொன்னதாகக் கொள்ள முடியாது. மாஸ்கோ வானில் டி.யு-4 பறந்த வருடம் 1947 என்பதை இங்கே இன்னொரு முறை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பல வருடம் கழித்துத் தீர்ப்பைக் கலைக்க அரசு நீதிமன்றத்தை மோசம் செய்தது அசைக்க முடியாதபடி நிரூபணமாக வேண்டும், இதில் அப்படி இல்லை என்றது. சட்டமாகப் பார்த்தால் அதில் தர்க்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஃபின்லெட்டரின் பிரமாணத்தைக் கவனமாகப் படித்தால், அவர் பயணம் ரகசியம் என்றுதான் அழுத்திச் சொல்கிறார். அறிக்கையின் இன்ன பக்கத்தில் இன்ன ரகசியம் இருக்கிறது என்று எங்கும் சொல்லவில்லை. பொய்யும் ஆகாது, உண்மையும் ஆகாது. நல்ல வக்கீல் எழுதிய வாக்கியம். 2006இல் உச்ச நீதிமன்றம் மறுபடி மறுத்தது, அத்தோடு குடும்பங்களுக்கு வழி முடிந்தது.

வழக்கு முடியவில்லை. 2022 மார்ச்சில், சி.ஐ.ஏ.வின் ரகசியச் சிறையில் சித்திரவதைக்கு உள்ளான அபு சுபைதாவின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரெனால்ட்ஸை மறுபடி எடுத்தது. அந்தச் சிறை போலந்தில் இருந்தது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014லேயே தீர்ப்பில் எழுதியிருந்தது. போலந்தின் முன்னாள் அதிபரே பேசியிருந்தார். இருந்தும் அதை உறுதி செய்வதோ மறுப்பதோ அரசு ரகசியம் என்று பெரும்பான்மை ஏற்றுக்கொண்டது. நீதிபதி கோர்சச் எதிர்த்து எழுதினார், சோட்டோமேயர் அவரோடு சேர்ந்துகொண்டார். அரசியலில் எதிர் எதிர் துருவங்கள் இருவரும். அந்த எதிர்ப்புரையில் கோர்சச், 1948இல் விழுந்த ஒரு பி-29இன் கதையையும், பல வருடம் கழித்து வெளிவந்த அந்த விபத்து அறிக்கையில் என்ன இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார்.